அரைப்பது யார்?

நம் பள்ளியின் செயற்கூடத்து மூலையிலே ஒரு சாக்கு மூட்டை நெடுநாள் கிடந்தது. அரிசிச் சாக்குதான், உள்ளே அரிசி இல்லை. மூக்கில்லாத வள்ளுவர் ஒருவர் இருந்தார். பாதியிலே வளைந்து நின்றுவிட்ட பாலம் ஒன்று இருந்தது. பல்லிழந்த பற்சக்கரங்கள் இருந்தன. இடியாப்பம்போலச் சிக்கிச் சுருண்ட நெகிழி இழைகள் பிடிபிடியாக இருந்தன. அத்தனையும் நம் மாணவர்கள் ஆக்க முயன்று ஆகாமற்போனவை. ஆக்கியது இயந்திரம், ஆணையிட்டவர்கள் மாணவர்கள், அருகிருந்து மேற்பார்வை செய்தவர் நாம். ஆனால், அந்த மூட்டைக்குப் பொறுப்பாளி யார் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

மூட்டைக்கு மேலே, அதே சுவரிலே, நம் மாணவர்கள் அழகுற எழுதிய வாசகம் ஒன்று உண்டு: "நெகிழியைத் தவிர்ப்போம்!" ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததே, அதையொட்டி எழுதியது. சுவரிலே கொள்கை, சுவரடியிலே மூட்டை! மேலே பார்த்தவர்கள் மெச்சினர். கீழே பார்த்தவர் இல்லை.

கீழே பார்க்க நமக்கு ஓராண்டு பிடித்தது. பார்த்தபின் கற்ற பாடம் நெகிழியைப் பற்றியது மட்டுமன்று, நம்மைப் பற்றியதுங்கூட. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

நாம் கல்லூரியிலே பயின்றது வரலாறு. சோழர் காலத்து ஏரிகளைப் பற்றிக் கேட்டால் சொல்வோம். பிரெஞ்சுப் புரட்சி ஏன் மூண்டது என்று கேட்டால் ஒரு பாடவேளை முழுவதும் பேசுவோம். இயந்திரத்துக்கும் நமக்கும் அறிமுகமே கிடையாது. பணியில் சேர்ந்த முதலாண்டிலேயே தலைமையாசிரியர் அழைத்தார். "முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்று வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு வேலை அதிகம். நீங்கள்தான் வயதிலே இளையவர், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். இளையவர் என்பதே தகுதியாயிற்று!

அந்தப் பொறியைக் கண்டு முதலில் மருண்டோம். பிறகு புரிந்தது, அது நம் அன்னையர் கையாளும் முறுக்கு உழக்கின் பேத்தி என்று. உழக்கிலே மாவை இட்டு மேலிருந்து அமுக்கினால் அடியிலுள்ள துளை வழியே மாவு இழையாக இறங்குகிறது. கை சுற்றச் சுற்ற முறுக்கு உருப்பெறுகிறது. இங்கே மாவுக்குப் பதில் 1.75 மில்லிமீட்டர் பருமனுள்ள நெகிழி இழை. கைக்குப் பதில் கணினியின் கட்டளை. ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்திலே இளகிய இழை, 0.4 மில்லிமீட்டர் துளை வழியே இறங்கி ஒரு படலமாகப் படிகிறது. அதன்மேல் இன்னொரு படலம், அதன்மேல் மற்றொன்று. சில மணி நேரத்தில் பொருள் எழுந்து நிற்கிறது. மந்திரமில்லை, மாயமில்லை, வெப்பமும் கணக்குந்தான்.

1980களின் இறுதியிலே அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் கண்டறிந்த முறை இது. நெடுங்காலம் காப்புரிமை வேலிக்குள் இருந்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்திலே ஏட்ரியன் பௌயர் 2005இல் தொடங்கிய 'ரெப்ராப்' முயற்சி, "இப்பொறியின் வரைபடத்தை உலகத்துக்கே திறந்து வைப்போம், வேண்டுவோர் தாமே செய்துகொள்ளட்டும்" என்ற நோக்குடன் புறப்பட்டது. பெருந்தொழிற்சாலைக்குள் இருந்த பொறி மேசைமீது வந்து அமர்ந்தது, மலிந்தது, நம் ஊர்ப் பள்ளி வரை வந்து சேர்ந்தது. அறிவைப் பூட்டி வைத்தால் ஒரு சிலருக்கு ஆதாயம். திறந்து வைத்தால் ஊருக்கெல்லாம் உபயோகம். இதனை நம் வாசகத் தோழர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆனால், அச்சிடத் தொடங்கியவன் தோற்கத் தொடங்குகிறான். தளத்திலே சிறிது தூசி இருந்தால் முதற்படலம் ஒட்டாது. ஒட்டாவிட்டால் மேற்படலங்கள் அந்தரத்திலே பிழியப்பட்டு இடியாப்பமாகும். இழை ஈரத்தை உறிஞ்சியிருந்தால் துளையிலே பொரியும். பத்து மணி நேர வேலையில் ஒன்பதாவது மணியிலே மின்சாரம் நின்றால், வள்ளுவருக்கு மூக்கு இருக்காது. நன்றாக முடிந்த பொருளிலுங்கூட, அந்தரத்தில் நீளும் பகுதிகளுக்கு முட்டுக்கொடுத்த துண்டுகளை ஒடித்து எறிந்தாக வேண்டும். ஒரு கிலோ இழை என்பது ஏறத்தாழ 330 மீட்டர் நீளம். அதிலே எத்தனை மீட்டர் பொருளாகிறது, எத்தனை மீட்டர் மூட்டைக்குப் போகிறது என்று அன்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பாராதிருப்பது கவலையின்றி இருக்க எளிய வழி அன்றோ!

மூட்டை நிரம்பி வழிந்தபோது நண்பரொருவர், நம் பள்ளி ஆசிரியர்தாம், ஆறுதல் சொன்னார். "இதற்கா கவலை? இது சாதாரணப் பிளாஸ்டிக் அன்று, பி.எல்.ஏ. சோளத்திலிருந்து செய்தது. பெட்டியிலேயே போட்டிருக்கிறதே, மக்கும் என்று! தோட்டத்திலே குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மண் தின்றுவிடும்."

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. பெட்டியிலே அச்சிட்டிருந்தது உண்மை. சோளம் முதலியவற்றின் மாவுச் சத்தைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து, லாக்டிக் அமிலமாக்கி, அந்த அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வதே பி.எல்.ஏ. என்பதும் உண்மை. ஆயினும், "எழுதியிருக்கிறது, ஆகவே நம்பு" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குள் ஏதோ உறுத்திற்று. எழுதியிருப்பதையெல்லாம் நம்பியதால் இந்நாடு பட்ட பாடு போதாதா?

"சோதித்துப் பார்ப்போம்" என்றோம். ஒரு பற்சக்கரத்தை எடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி அதன் முதுகிலே ஆணியால் நாளைக் கீறினாள். வேப்பமரத்தடியிலே ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம். அது ஜூன் மாதம். மழை பெய்தது, மண் நனைந்தது, அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பொங்கல் விடுமுறைக்குப் பின் தோண்டினோம். கழுவினோம். பற்கள் அத்தனையும் இருந்தன. கீறிய நாளும் இருந்தது. மண் தின்றது பக்கத்திலே கிடந்த வாழைப்பழத் தோலைத்தான்!

பிறகு படித்தறிந்தோம். பி.எல்.ஏ. மக்கக்கூடியதே, ஆனால், அதற்கு ஏறத்தாழ 60 பாகை வெப்பமும், ஈரமும், நுண்ணுயிர்களும் ஒருசேர நீடித்திருக்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். வேப்பமரத்தடி மண்ணுக்கு அந்த வெப்பம் ஏது? சாதாரண மண்ணிலும் கடலிலும் அது ஆண்டுக்கணக்கிலே கிடக்கும். ஆக, பெட்டியிலே எழுதியது முழுப்பொய் அன்று. முக்கியமான பகுதியை மறைத்த மெய். முழுப்பொய்யைவிட அது ஆபத்தானது.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சோளத்திலே பிறந்தது, ஆகவே தூயது. எண்ணெயிலே பிறந்தது, ஆகவே தீயது. பிறப்பை வைத்துப் பெருமை பேசும் பழக்கம் நெகிழிக்கும் வந்துவிட்டது! எதிலிருந்து பிறந்தது என்று கேட்பதா அறிவு? இப்போது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பதன்றோ அறிவு? இந்த நகைச்சுவையை வகுப்பிலே சொன்னோம். மாணவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு சில வாரங்களிலே நம்மைத் திரும்பிச் சுடும் என்று அப்போது அறியவில்லை.

புதைக்க முடியாது, எரிக்கவும் கூடாது. அடுத்து, மூட்டையைக் கடைவீதியிலுள்ள பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஒரு துண்டை எடுத்து வளைத்தார், தரையிலே தட்டி ஓசை கேட்டார், நகத்தால் கீறினார். "சார், இது என்ன ரகம்?" என்றார். "பிளாஸ்டிக்" என்றோம். அவர் சிரித்தார். "பிளாஸ்டிக்குன்னு ஒரு ரகமே கிடையாது சார். குடம் வேற, பாட்டில் வேற, பைப்பு வேற. இதுல ரெண்டு மூணு ரகம் கலந்து கெடக்குது. கலந்தா காசு இல்ல. இந்த ரகத்த எடுக்கறதுக்கும் ஆளு இல்ல."

பட்டம் பெற்ற நமக்கு அந்தக் கடையிலேதான் முதற்பாடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மூட்டையைப் பற்றி ஆராய்ந்தோம். அவர் சொன்னது முற்றிலும் சரி. பி.எல்.ஏ. 200 பாகையை ஒட்டி அச்சாகும், பெட்ஜி எனப்படும் இன்னொரு வகைக்கு 230, 240 பாகை வேண்டும், ஏ.பி.எஸ். என்னும் மற்றொன்றுக்கும் அதே அளவு வேண்டும். மூன்றையும் ஒன்றாக அரைத்து உருக்கினால், ஒன்று இளகும்போது மற்றொன்று கட்டியாய் நின்று துளையை அடைக்கும். கட்டியை இளக்க வெப்பத்தைக் கூட்டினால் முன்னது கருகும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கலப்பதுமில்லை. கலந்தாற்போல் தோன்றி, பிறகு படல் படலாகப் பிரியும். குப்பிகளின் அடியிலே முக்கோணத்துக்குள் 1, 2 என்று வகை எண் பொறித்திருக்கும். பி.எல்.ஏ.வுக்குத் தனி எண்ணே இல்லை. 'பிற' என்னும் பொருள்படும் 7க்குள் எல்லாவற்றோடும் சேர்த்துத் தள்ளப்பட்டிருக்கிறது. வாங்குவோர் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"வாங்குவோர் இல்லையெனில் நாமே ஆக்குவோம்" என்று முடிவு செய்தோம். உலகின் பல இடங்களிலே இளைஞர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். டச்சு இளைஞரான டேவ் ஹாக்கென்ஸ், 2013இல் 'பிரெஷஸ் பிளாஸ்டிக்' என்ற பெயரில், நெகிழியை அரைக்கவும் உருக்கவும் வல்ல சிறுபொறிகளின் வரைபடங்களை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவிலே வைத்தார். வேலை மூன்று படிகளே: வகை பிரித்தல், அரைத்தல், மீண்டும் இழையாகப் பிழிதல்.

முதலில் பழைய மிக்சியிலே அரைத்துப் பார்த்தோம். அரை நிமிடம் ஓடிற்று, பிறகு முனகிற்று, பிறகு நின்றது. திறந்தால், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாய்ப் பிளேடைச் சுற்றியிருந்தன. வேகமாய்ச் சுழலும் பிளேடு உராய்ந்து சூடேற்றுகிறது, பி.எல்.ஏ.வோ 60 பாகையிலேயே தளரத் தொடங்கும். ஆகவே வேண்டியது வேகமன்று, வலிமை. மெதுவாய்ச் சுழன்று, கத்தரிக்கோல்போல வெட்டும் பற்கள் வேண்டும். ஆசிரியர்கள் சிலர் தம் ஊதியத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனர். கடைவீதி லேத்துப் பட்டறைத் தோழர் வரைபடத்தைப் பார்த்து, இரும்புத் தகட்டிலே பற்கள் வெட்டி, கைப்பிடி வைத்துச் சுற்றும் பொறியொன்றைச் செய்து தந்தார். கரும்புச் சாறு பிழியும் பொறிக்குத் தம்பிபோல இருந்தது அது.

இனி வேலைப் பங்கீடு. இங்கேதான் நம் கதை.

பதினான்கு மாணவர்கள். கணினியிலே உருவம் வரைவோர் இன்னார், அச்சுப்பொறியை இயக்குவோர் இன்னார், அளவெடுத்துக் குறிப்பெழுதுவோர் இன்னார் என்று கரும்பலகையிலே எழுதிக்கொண்டே போனோம். 'மூட்டை பிரித்தல், அரைத்தல்' என்று எழுதி, அதன் எதிரே ஒரு பையனின் பெயரை எழுதினோம். ஒரு கணமும் எண்ணவில்லை. கை தானே எழுதிற்று. அந்தப் பையனின் தந்தை நகராட்சியிலே தூய்மைப் பணியாளர்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மூட்டையைப் பிரித்தான். மறுநாள் செயற்கூடத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், பற்சக்கரத்திலே நாளைக் கீறிய அதே மாணவி, மற்றவர்கள் போனபின் நின்று கேட்டாள்: "அவன மட்டும் ஏன் சார் மூட்டைக்குப் போட்டீங்க?"

"அவன் பொறுமைசாலி, அதனால்" என்று சொல்ல வாயெடுத்தோம். சொல் வரவில்லை. பொறுமைசாலிகள் வேறு பலர் இருந்தனரே! பெயருக்குப் பின்னாலிருந்த சாதி வாலைப் பாட்டனார் காலத்திலேயே வெட்டியெறிந்த குடும்பம் நம்முடையது. கல்லூரி மேடையிலே சமத்துவம் பேசிப் பரிசு வாங்கியவர் நாம். நெகிழியின் பிறப்பைப் பார்த்து மயங்குவோரை எள்ளி நகையாடியவரும் நாமே. ஆனால், 'குப்பை' என்ற சொல்லை எழுதியதும் நம் கை எந்த வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போயிற்று! பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும்வரை நெகிழியை வகை பிரிக்கத் தெரியாத நாம், மாணவரை வகை பிரிக்க மட்டும் எவரிடமும் பாடம் கேட்கவில்லை. பொருளைப் பிரிக்க வேண்டும், அறிவியல் சொல்கிறது. மனிதரைப் பிரிக்கக் கூடாது. அதனையும் அறிவுதான் சொல்கிறது. நாமோ இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தோம்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனோம். தந்தை வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று முக்காலியை நகர்த்தினார். அந்தக் கைகளைப் பார்த்தோம். கண்ணாடிச் சில்லும் தகரமும் கிழித்த தழும்புகள். கையுறை தருவதில்லையா என்று கேட்டோம். "தர்றாங்க சார். நாலு நாள்ல கிழிஞ்சிடும். அப்புறம் கைதான்" என்றார். பையன் கதவோரம் நின்றான். "ஏன்ப்பா வரவில்லை?" என்றோம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "படம் வரையறதுக்குத்தான் சார் சேர்ந்தேன்."

மன்னிப்புக் கேட்டோம். அவனிடம் அங்கேயே கேட்டோம். மறுநாள் வகுப்பிலே, எல்லோர் முன்னிலையிலும், நாம் எழுதிய பட்டியல் தவறு, ஏன் தவறு என்று சொன்னோம். அவன் பெயரைச் சொல்லவில்லை. அவனை மீண்டும் ஒருமுறை எல்லோரும் திரும்பிப் பார்க்கச் செய்வது இரண்டாவது தவறாகும். கரும்பலகையைத் துடைத்துவிட்டு ஒரே விதியை எழுதினோம்: 'அச்சிட்டவரே அரைக்க வேண்டும்.' யார் பொத்தானை அழுத்தினாரோ, அவரே தம் பழுதான பொருளை எடைபோட்டு, வகை எழுதி, உரிய பெட்டியிலே இட்டு, சனிக்கிழமை தம் கையால் அரைக்க வேண்டும். ஆசிரியருக்கும் விலக்கில்லை. முதல் சனிக்கிழமை நாமே அரைத்தோம். மூக்கில்லாத வள்ளுவரை அச்சிட்டவர் நாம்தானே!

முதலிலே சிலர் முணுமுணுத்தனர். "எம் பையன் குப்பை அரைக்கவா பள்ளிக்கு வருகிறான்?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். "குப்பை செய்ய வருகிறானே ஐயா, அதற்கு நீங்கள் ஏதும் சொல்லவில்லையே!" என்று பணிவுடன் விடையளித்தோம். அவர் மறுபடி வரவில்லை. பையன் வந்தான்.

இதிலே எதிர்பாராத நன்மையொன்று விளைந்தது. அரைக்கும் கை தன் கைதான் என்று தெரிந்தபின், அச்சிடும் கை கவனமாயிற்று. தளத்தைத் துடைக்காமல் பொத்தானை அழுத்துவோர் குறைந்தனர். முதற்படலம் ஒட்டும்வரை அருகிலேயே நின்றனர். ஒட்டாவிட்டால் உடனே நிறுத்தினர். முட்டு குறைவாக வேண்டும்படி உருவத்தைச் சாய்த்து வைக்கக் கற்றனர். மூட்டை மெதுவாகவே நிரம்பிற்று. ஒருவர் எறிய, மற்றொருவர் எடுக்க என்ற ஏற்பாடு இருக்கும்வரை, எறிபவருக்குக் கவனம் பிறப்பதில்லை. குப்பை பெருகுவதற்கும் சாதி நிலைப்பதற்கும் இடையே இப்படியொரு உறவு உண்டென்று எந்த நூலிலும் நாம் படித்திருக்கவில்லை. ஒரு சாக்கு மூட்டை கற்பித்தது.

அரைத்தால் மட்டும் இழையாகிவிடுமா? இல்லை. அருகிலுள்ள பொறியியற் கல்லூரியிலே இழை பிழியும் பொறி இருந்தது. அனுமதி பெற்றுப் போனோம். சூடான குழாய்க்குள் திருகு சுழன்று, துகளை முன்தள்ளி, உருக்கி, துளை வழியே இழையாக விடும் பொறி அது. முதல் முயற்சி முழுத்தோல்வி. ஓரிடத்தில் நூல்போல் மெலிந்தும் ஓரிடத்தில் புழுப்போல் தடித்தும் வந்தது. வெளியே வந்த இழையிலே குமிழிகள். 1.75 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இழை 1.65 ஆக மெலிந்தால், இறங்கும் நெகிழியின் அளவு நூற்றுக்குப் பதினொன்று குறைகிறது, 1.85 ஆகத் தடித்தால் ஏறத்தாழ பன்னிரண்டு கூடுகிறது. பொருளின் சுவரிலே ஓட்டையும் வீக்கமும் மாறி மாறித் தோன்றும். கடையில் விற்கும் நல்ல இழையிலே வேறுபாடு 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கும். முடியின் பருமனளவே பிழை பொறுக்கும் தொழில்!

காரணங்களைத் தேடினோம். துகள்கள் சிறிதும் பெரிதுமாய் இருந்ததால் திருகு சீராய் உண்ணவில்லை. ஆகவே சல்லடையிலே சலித்து, 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றைத் திரும்ப அரைத்தோம். துகள்கள் காற்றின் ஈரத்தைக் குடித்திருந்தன. ஈரத்தோடு உருக்கினால் நெகிழியின் நெடுஞ்சங்கிலிகள் அறுபட்டு வலுவிழக்கும். ஆகவே 50 பாகையிலே ஆறு மணி நேரம் உலர்த்தினோம். பழந்துகளோடு புதிய பி.எல்.ஏ. மணிகளைச் சரிபாதி கலந்தோம். இம்முறை இழை சீராக வந்தது. மாணவர்கள் மீட்டருக்கு ஓரிடம் வெர்னியர் அளவியால் அளந்து எழுதினர். பெரும்பகுதி 1.70க்கும் 1.80க்கும் இடையே நின்றது. நீலமும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்து அரைபட்டதால் நிறம் மட்டும் சேற்று நிறம். "அழகாக இல்லை" என்றான் ஒருவன். "அச்சாகுதான்னு பாரு" என்றாள் மற்றொருத்தி. அச்சாயிற்று!

இதனை அற்புதம் என்று பறைசாற்ற மாட்டோம். அற்புதங்களை நம்பாதவர் தம் சாதனையை மட்டும் அற்புதமாக்கலாமோ? கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலிகள் சிறிது அறுபடுகின்றன. நம் இழையை வளைத்தால் புது இழையைவிட விரைவில் ஒடிகிறது. புதுமணி கலவாமல் மீண்டும் மீண்டும் சுழற்ற முடியாது. உலர்த்தவும் உருக்கவும் மின்சாரம் செலவாகிறது. அரைக்கும்போது எழும் தூள் மூக்கிலும் மண்ணிலும் போகாதவாறு முகமூடி அணிந்து, கீழே துணி விரித்து, சிந்தியதைச் சேர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. பெட்ஜியும் ஏ.பி.எஸ்.ஸும் இன்னும் தத்தம் பெட்டிகளில் காத்துக்கிடக்கின்றன. எல்லாவற்றினும் சிறந்த வழி, பழுதைக் குறைப்பது. அடுத்தது, பழுதானதை அரைப்பது. மறுசுழற்சி என்ற சொல்லைச் சொல்லிவிட்டு மனம்போல் எறிவது, தீர்த்தமாடினால் செய்தது தீருமென்று நம்பித் தீங்கு செய்வதற்கு ஒப்பாகும்.

நம் இழையிலே முதலில் எதனை அச்சிடுவது என்று கேட்டபோது பலர் பலவும் சொன்னார்கள். கோப்பை என்றான் ஒருவன். தலைவர் சிலை என்றான் இன்னொருவன். படம் வரையச் சேர்ந்த பையன் ஒரு தாளை நீட்டினான். ஒரு சாண் நீளமுள்ள தள்ளுகோல். மேலே அகன்ற பிடி, கீழே தட்டையான பாதம். அரைக்கும் பொறியின் வாயிலே துண்டுகள் சிக்கும்போது நாங்கள் எல்லோரும் விரலால் தள்ளிக்கொண்டிருந்தோம். ஆபத்தென்று அறிந்தும் அசட்டையாக இருந்தோம். அவன் ஒருவன்தான் அதனைக் கண்டு கலங்கியிருக்கிறான். "கை உள்ள போகக் கூடாது சார்" என்றான். வேறு விளக்கம் சொல்லவில்லை. அவன் வீட்டிலே நாம் கண்ட கைகளை நினைத்துக்கொண்டோம்.

கணினியிலே அவனே வரைந்தான், அவனே அச்சிட்டான். முதல் முயற்சியில் பிடி பிளந்தது. விதிப்படி தன் பழுதைத் தானே எடைபோட்டு அரைத்தான். இரண்டாவது சரியாக வந்தது. இன்று அந்தச் சேற்று நிறத் தள்ளுகோல் பொறியின் பக்கத்திலே ஆணியில் தொங்குகிறது. அதனை எடுக்காமல் எவரும் கைப்பிடியைத் தொடக்கூடாது. ஒருநாள் கவனக்குறைவால் அதன் பாதம் பற்களிலே சிக்கி நொறுங்கிற்று. பதறிப்போன மாணவனிடம் பையன் சொன்னான்: "பரவால்லடா, வேற அச்சடிச்சுக்கலாம். அதுக்குத்தானே அது."

தோழர்களே! உங்கள் ஊரிலும், உங்கள் அலுவலகத்திலும், உங்கள் படிப்பகத்திலும் ஏதோவொரு மூலையிலே ஒரு மூட்டை கிடக்கும். அதிலே இருப்பது நெகிழியாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். அதை எங்கே கொண்டுபோய்ப் போடலாம் என்று கேட்குமுன், அதை யார் கையால் எடுக்கப்போகிறோம் என்று கேளுங்கள். விடை உங்கள் கையாக இருந்தால், அறிவியல் மற்றதைச் சொல்லித் தரும். விடை வேறொருவர் கையாக இருந்தால், அந்தக் கையை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வேப்பமரத்தடியிலிருந்து தோண்டியெடுத்த பற்சக்கரத்தை மட்டும் நாம் அரைக்கவில்லை. கீறிய நாளோடு அது நம் மேசைமேல் இருக்கிறது. சனிக்கிழமை நம் முறை வரும்போது அதனை ஒருபுறம் நகர்த்திவைத்துவிட்டு, தள்ளுகோலை எடுத்துக்கொள்கிறோம்.